ஒளிக்குழிவில் வலுவான இணைவு: ஐந்து கோட்பாட்டு வழிகளில் எதைத் தேர்வது?

இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு சாயப் படலத்தையோ குறைக்கடத்தி அடுக்கையோ வைத்து, குழிவின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைப் பொருளின் உட்கவர் அதிர்வெண்ணோடு பொருத்தினால், நிறமாலையில் ஒன்றாக இருந்த முகடு இரண்டாகப் பிரிகிறது. ஒளியும் பொருளும் தம் ஆற்றலை வெளியே இழப்பதற்கு முன் ஒன்றுக்கொன்று பலமுறை கைமாற்றிக்கொள்கின்றன என்பதற்கும், இரண்டும் கலந்த போலாரிட்டான் நிலைகள் தோன்றிவிட்டன என்பதற்கும் அந்தப் பிளவே அடையாளம். அதைக் கணக்கிட எந்தக் கோட்பாட்டை எடுப்பது என்ற இடத்தில்தான் புதிதாக வரும் ஆய்வு மாணவர்களும், வேதியியலிலிருந்தோ பொருளறிவியலிலிருந்தோ இங்கு வந்து சேர்பவர்களும் திகைத்து நிற்கிறார்கள். ஜேன்ஸ்–கம்மிங்ஸ், டேவிஸ்–கம்மிங்ஸ், டிக்கி, ஹாப்ஃபீல்டு, அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டின் குவாண்டம் ஒளி வடிவம் எனப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் ஆதரவாளர்களும் மற்றவற்றைக் குறையுள்ளவை என்கிறார்கள்.

புதியதும் செலவு மிக்கதுமான முறையே நம்பகமானது என்று எண்ணிப் பலர் கடைசி வழியிலிருந்து தொடங்குகிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. எளிய வழி எந்த இடத்தில் தோற்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டுமே அடுத்த வழிக்குச் செல்ல நியாயம் உண்டு. ஏனெனில், இத்துறையில் நடந்த சச்சரவுகளில் கணிசமானவை, எளிய கணக்கே விளக்கிவிடக்கூடிய ஒன்றைக் குவாண்டம் விளைவு என்று எடுத்துக்கொண்டதாலோ, பல லட்சம் மூலக்கூறுகளின் கூட்டு விளைவை ஒற்றை மூலக்கூற்றின் தலையில் ஏற்றியதாலோ எழுந்தவை.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், மூன்று ஆற்றல்களுக்கு இடையிலான ஒப்பீடு. இணைவு வலிமை, இழப்பு வீதம் (கண்ணாடி வழியே கசியும் ஒளியும் பொருளின் கோட்டு அகலமும் இதில் அடங்கும்), ஒத்ததிர்வு அதிர்வெண் ஆகிய மூன்றையும் ஒரே அலகில் எழுதிப் பார்க்க வேண்டும். இணைவு இழப்பைவிடச் சிறியதானால் அது வலுவற்ற இணைவு. 1946-இல் பர்செல் சொன்னதுபோல், குழிவு ஒளி உமிழ்வின் வேகத்தை மட்டும் மாற்றும். இழப்பைவிடப் பெரியதானால் வலுவான இணைவு. இணைவு அதிர்வெண்ணின் பத்தில் ஒரு பங்கை எட்டினால் அதை மீவலு இணைவு என்கிறார்கள். இந்தப் பத்தில் ஒன்று என்பது வழக்கமே தவிர, அங்கே இயற்பியல் திடீரென்று மாறிவிடுவதில்லை. மீக்கடத்திச் சுற்றுகளில் 2010-இல் நீம்சிக் குழுவினர் இந்த விகிதத்தை 0.12 வரை கொண்டுசென்றனர். 2017-இல் யோஷிஹாரா குழுவினர் 1-ஐயே தாண்டினர்.

இரண்டாவது அளவுகோல் எண்ணிக்கை. ஒரே ஒளிப்பாங்குடன் (குழிவுக்குள் நிலைத்து நிற்கும் ஒளி அலையின் வடிவம்) பல மூலக்கூறுகள் இணையும்போது, கண்ணுக்குத் தெரியும் பிளவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது தேர் நகர்ந்த தூரத்தைப் பார்த்து வடம் பிடித்த ஒருவரின் கைவலுவை மதிப்பிட முடியாததுபோல், பெரிய பிளவைப் பார்த்து ஒவ்வொரு மூலக்கூறும் வலுவாகப் பிணைந்திருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அளவு வரிசைக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது அலைநீளம் 620 நானோமீட்டர். ஒளிவிலகல் எண் 1.5, குழிவின் ஒவ்வொரு பக்கமும் ஊடகத்தில் அரை அலைநீளம், ஏறத்தாழ 207 நானோமீட்டர் என்று கொள்வோம். அத்தகைய குழிவில் வெற்றிடப் புலத்தின் (போட்டான் ஒன்றுமே இல்லாதபோதும் எஞ்சும் புலம்) வலிமை மீட்டருக்குச் சுமார் 10 லட்சம் வோல்ட். மாறுதல் இருமுனைத் திருப்புத்திறன் 10 டிபை கொண்ட சாய மூலக்கூறு ஒன்று இப்புலத்தோடு கொள்ளும் இணைவு ஏறத்தாழ 0.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். 2012-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் எபெசன் குழுவைச் சேர்ந்த ஹட்சிசன் உள்ளிட்டோர் ஒளியால் வடிவம் மாறும் ஸ்பைரோபைரான் மூலக்கூறுகளில் கண்ட பிளவு ஏறத்தாழ 700 மில்லி எலக்ட்ரான் வோல்ட். நாம் எடுத்துக்கொண்ட குழிவில் அதே அளவு பிளவு வேண்டுமென்றால் சுமார் 30 லட்சம் மூலக்கூறுகள் சேர்ந்தாக வேண்டும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். தனி மூலக்கூற்றின் பங்கு அதில் நூறில் ஒரு பங்கு. இந்த ஒற்றைக் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாறு எந்தப் புதிய மாணவரிடமும் சொல்வேன்.

மூன்றாவது, கேள்வி எது என்பது. நிறமாலையின் வடிவமா, வெளிவரும் போட்டான்களின் புள்ளியியலா, அடிநிலையின் மாற்றமா, கிளர்வு நிலையில் நடக்கும் ஒளிவேதி வினையா, இருளில் நடக்கும் வெப்ப வினையின் வேகமா? இவை ஐந்தும் வெவ்வேறு கேள்விகள். ஒரே முறை ஐந்துக்கும் பதில் தராது.

நான்காவது, மறைந்திருக்கும் செலவு. கணிப்பொறி நேரத்தை எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மாதிரிக்குள் நுழைக்கும் எண்கள் எங்கிருந்து வருகின்றன, எந்த உறுப்பு சத்தமில்லாமல் வெட்டப்பட்டது, எந்த கேஜில் (ஒரே மின்காந்தப் புலத்தை எழுதும் வெவ்வேறு கணித வடிவங்களில் ஒன்று) வெட்டப்பட்டது என்பவற்றை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்வதில்லை. பிழைகள் பெரும்பாலும் இங்கிருந்தே முளைக்கின்றன.

## முதல் வழி: மரபு (குவாண்டம் சாராத) ஒளியியல்

பொருளை லாரன்ட்ஸ் அலையியற்றியாக, அதாவது சுருள்வில்லில் கட்டிய மின்னூட்டம்போல, எண்ணி, அதன் விடுதிறனை அதிர்வெண்ணின் சார்பாக எழுதி, அடுக்கு அடுக்காகப் பரிமாற்ற அணி முறையில் மாக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்ப்பது இவ்வழி. சாதாரண மடிக்கணினியில் சில விநாடிகளில் முடியும். கண்ணாடியின் உண்மையான தடிமன், உலோகத்தின் இழப்பு, ஒளி விழும் கோணம், குழிவின் பல பாங்குகள் ஆகிய அனைத்தையும் இது இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது. பின்னால் வரும் வழிகளில் இவற்றுக்குத் தனித்தனியாகப் போராட வேண்டியிருக்கும்.

பிளவு குவாண்டம் இயற்பியலின் முத்திரை என்ற எண்ணத்தை இவ்வழி அசைத்துவிடுகிறது. 1990-இல் கார்மைக்கேல், மாஸ்பெர்க் உள்ளிட்ட குழுவினர், வெற்றிட ராபி பிளவு எனப்படும் இந்த முகடுப் பிளவு நேரியல் நிறப்பிரிகைக் கோட்பாட்டிலிருந்தே கிடைக்கும் என்று காட்டினர். குறைந்த ஒளிச்செறிவில் பல மூலக்கூறுகளைக் கொண்ட ஒரு படலத்தின் பிளவு, கோணத்தோடு அது நகரும் விதம், முகடுகளின் உயரம் ஆகியவை இந்த மரபுக் கணக்கில் பொருந்தினால், அந்தத் தரவுகள் குவாண்டம் மாதிரி எதையும் கோரவில்லை என்றே பொருள்.

செலவு இல்லாமல் இல்லை. எதிரொளிப்பு, ஊடுருவல், உட்கவர்தல் ஆகிய மூன்று நிறமாலைகளிலும் பிளவின் அளவு ஒன்றாக இருக்காது என்பதை 1995-இல் சவோனா குழுவினர் குறைக்கடத்திக் குழிவுகளுக்குக் காட்டினர். எந்த நிறமாலையிலிருந்து எண்ணை எடுத்தோம் என்று சொல்லாத ஆய்வறிக்கைகளை இன்றும் பார்க்க முடிகிறது. அலையியற்றி வலிமையை (பொருள் ஒளியை உட்கவரும் திறனின் அளவு) வெறும் படலத்திலிருந்து அளந்து, அதே படலம் குழிவுக்குள்ளும் அதே அடர்த்தியில் இருக்கிறது என்று கொள்வதும் ஒரு கடன்தான். போட்டான் புள்ளியியல், கிளர்ந்த மூலக்கூற்றின் விதி, வினை வேகம் ஆகியவற்றைப் பற்றி இவ்வழிக்குச் சொல்ல எதுவும் இல்லை.

## இரண்டாம் வழி: ஜேன்ஸ்–கம்மிங்ஸும் டேவிஸ்–கம்மிங்ஸும்

1963-இல் ஜேன்ஸும் கம்மிங்ஸும் எழுதிய மாதிரியில் இரு மட்ட அணு ஒன்றும் ஒளிப்பாங்கு ஒன்றும் மட்டுமே உண்டு. 1968-இல் டேவிஸும் கம்மிங்ஸும் அதைப் பல அணுக்களுக்கு விரித்தனர். இரண்டிலும் சுழல் அலைத் தோராயம் இருக்கிறது: போட்டான் ஒன்று தோன்றும்போதே அணுவும் கிளர்வது போன்ற உறுப்புகள் விலக்கப்படுகின்றன. இதனால் மொத்தக் கிளர்வுகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்கிறது. கணக்கு தாளிலேயே முடிகிறது.

மரபு ஒளியியலால் தர முடியாதது இங்கே கிடைக்கிறது. போட்டான்கள் கூடக் கூட மட்டங்களின் பிளவு அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல வளர்கிறது. சம இடைவெளியில்லாத இந்த ஏணிதான் குவாண்டம் இயல்பின் உண்மையான சான்று. 2005-இல் கிம்பிள் குழுவினர் ஒற்றை சீசியம் அணுவைக் கொண்டு போட்டான் தடுப்பை (ஒரு போட்டான் உள்ளே இருக்கையில் அடுத்தது நுழைய முடியாமை) காட்டியதும், 2008-இல் சூரிக்கில் ஃபின்க் குழுவினர் மீக்கடத்திச் சுற்றில் இந்த ஏணியின் படிகளை அளந்ததும் இந்த மாதிரியின் வெற்றிகள். ஒற்றை உமிழி, நல்ல குழிவு, போட்டான் புள்ளியியல் பற்றிய கேள்வி ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேறு வழியைத் தேடவே வேண்டியதில்லை. க்யூடிப் போன்ற இலவசப் பைதான் நூலகங்களில் இழப்புகளோடு கூடிய மாஸ்டர் சமன்பாட்டை (அமைப்பின் நிலை காலத்தோடு மாறும் விதத்தைத் தருவது) ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம்.

பல மூலக்கூறுகளுக்குப் போகும்போது ஒரு கிளர்வுள்ள வெளியில் மொத்த நிலைகள், மூலக்கூறுகளின் எண்ணிக்கையைவிட ஒன்றே அதிகம். அவற்றில் இரண்டு மட்டுமே போலாரிட்டான்கள். மற்றவை ஒளியோடு பேசாத இருண்ட நிலைகள். மேலே போட்ட கணக்கில், 30 லட்சம் நிலைகளுக்குள் ஒளியின் கலப்புள்ளவை இரண்டு. சமதளக் குழிவில் பல பாங்குகள் இருப்பதால் உண்மையான விகிதம் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் இருண்ட நிலைகளின் பெரும்பான்மை மாறாது. கிளர்ந்த ஆற்றல் எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வியில் இந்தப் பெரும்பான்மைதான் தீர்ப்புச் சொல்கிறது. மாதிரியில் நான்கைந்து மூலக்கூறுகளை மட்டும் வைத்து, பிளவை மட்டும் ஆய்வக அளவுக்கு உயர்த்திக் கணக்கிடுவோர் இந்தச் செலவைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இன்னொன்று, மூலக்கூற்றின் அதிர்வுகளை இவ்வழி அறவே அறியாது. கரிமச் சாயத்திற்கு அது பெரிய விடுபடல். குளிர்ந்த அணுவுக்கு அது விடுபடலே அன்று.

## மூன்றாம் வழி: டிக்கியும் ஹாப்ஃபீல்டும்

இணைவு அதிர்வெண்ணின் பத்தில் ஒரு பங்கை நெருங்கும்போது, சுழல் அலைத் தோராயத்தில் விலக்கிய உறுப்புகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அணுக்களின் இரு மட்ட இயல்பைக் காப்பாற்றிக்கொண்டு அவற்றைச் சேர்த்தால் டிக்கி மாதிரி. பொருளின் கிளர்வை அலையியற்றியாக எண்ணிச் சேர்த்தால் ஹாப்ஃபீல்டு 1958-இல் மின்காப்புப் படிகங்களுக்கு எழுதிய மாதிரி. பின்னது இருபடி வடிவில் இருப்பதால், ஒரு பாங்குக்கு நான்குக்கு நான்கு அணி ஒன்றின் ஐகென் மதிப்புகளைக் கண்டால் போதும். குவாண்டம் கிணறுகள், இரு பரிமாணப் பொருள்கள், காந்தப்புலத்தில் லாண்டாவ் மட்டங்கள் ஆகியவற்றோடு பணிபுரிவோருக்கு இதுவே இயல்பான வீடு. 2005-இல் சியூட்டி, பாஸ்டார்ட், கரூசோட்டோ ஆகியோர், இந்த நிலையில் அடிநிலையிலேயே மெய்நிகர் போட்டான்கள் இருக்கும் என்று காட்டியது இந்தக் கட்டமைப்பில்தான்.

இவ்வழியின் விலை கணிப்பொறி நேரத்தில் இல்லை. உறுப்புகளைச் சரியாக வைத்திருக்கிறோமா என்ற கவலையில் இருக்கிறது. 1973-இல் ஹெப், லீப் இருவரும் டிக்கி மாதிரியில் இணைவு ஒரு வரம்பைத் தாண்டினால் அடிநிலையே போட்டான்களால் நிரம்பும் நிலைமாற்றம் நிகழும் என்று நிறுவினர். இரண்டே ஆண்டுகளில் ர்செஷெவ்ஸ்கி குழுவினர், மின்காந்தப் புலத்தை விவரிக்கும் வெக்டர் அழுத்தத்தின் இருமடியைக் கொண்ட டையாகாந்த உறுப்பைச் சேர்த்தால் அந்த நிலைமாற்றம் மறைந்துவிடும் என்று காட்டினர். அந்த உறுப்பின் அளவை நாம் விருப்பப்படி வைக்க முடியாது. தாமஸ்–ரைக்கே–கூன் கூட்டு விதி அதைக் கட்டிவைக்கிறது. 2010-இல் சூரிக்கில் எஸ்லிங்கர் குழுவினர் இந்த நிலைமாற்றத்தை ஆய்வகத்தில் கண்டது வெளியிலிருந்து லேசரால் இயக்கப்பட்ட குளிர் அணுக்களில். சமநிலையில் இருக்கும் பொருளுக்கு அது சான்றாகாது.

கேஜ் பற்றிய எச்சரிக்கையும் இங்கே சேரும். முழு ஹாமில்டோனியனை (அமைப்பின் மொத்த ஆற்றலுக்கான கணிதக் கோவை) எந்த கேஜில் எழுதினாலும் அது ஒரே விடையைத் தரும். பொருளை இரு மட்டங்களாக வெட்டிய பிறகு அப்படித் தராது. 2018-இல் டி பெர்னார்டிஸ் குழுவினர், மீவலு இணைவில் கூலும் கேஜில் வெட்டுவது தவறான விடைக்குக் கொண்டுசெல்லும் என்றும், இருமுனை கேஜில் வெட்டுவது பல சூழல்களில் நன்றாக வேலை செய்யும் என்றும் காட்டினர். கூலும் கேஜிலும் சரியாக வெட்டுவதற்கான வழியை 2019-இல் டி ஸ்டெஃபானோ குழுவினர் தந்தனர். இழப்புகளைச் சேர்க்கும்போது இன்னொரு குழி காத்திருக்கிறது: இரண்டாம் வழியில் பழகிய மாஸ்டர் சமன்பாட்டை அப்படியே இங்கே எடுத்துவந்தால், அடிநிலையில் சும்மா இருக்கும் அமைப்பு தானாகப் போட்டான்களை உமிழ்வதாக விடை வரும். இழப்பை ஒளி, பொருள் எனத் தனித்தனியாகச் சேர்க்காமல், கலந்த நிலைகளின் அடிப்படையில் எழுத வேண்டும் என்று 2011-இல் போடுவான், காம்பெட்டா, பிளே ஆகியோர் விளக்கினர்.

## நான்காம் வழி: அணுக்கருக்களின் இயக்கத்தையும் சேர்ப்பது

வேதியியல் கேள்விகளுக்கு அதிர்வுகள் இன்றி விடை இல்லை. கிளர்வு நிலைகளுக்கு, டேவிஸ்–கம்மிங்ஸோடு அதிர்வுகளைச் சேர்த்த ஹோல்ஸ்டைன்–டேவிஸ்–கம்மிங்ஸ் மாதிரியும், அடிநிலையில் அகச்சிவப்புக் குழிவோடு அதிர்வுகள் இணையும் சூழலுக்குக் குழிவுக்கான மூலக்கூறு இயக்கவியல் உருவகப்படுத்தலும் இங்கே இருக்கும் இரண்டு கருவிகள். ஒளியின் இணைவு மூலக்கூற்றின் அதிர்விலிருந்து மின்னணுக் கிளர்வைப் பிரித்துவிடக்கூடும் என்ற கருத்தை 2016-இல் ஹெரேராவும் ஸ்பானோவும் முன்வைத்தது முதலாவதில்.

முதல் கருவியின் விலை வெளிப்படையானது. ஆறு மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிர்வு, அதற்குப் பத்து மட்டங்கள் என்று வைத்தால், ஒரு கிளர்வுக்கே 70 லட்சம் நிலைகள். எல்லா மூலக்கூறுகளும் ஒன்றேபோல் இருப்பதாகக் கொண்டு சமச்சீரைப் பயன்படுத்தினால் இது பெருமளவு குறையும். ஆனால் உண்மைப் படலத்தில் மூலக்கூறுகள் ஒன்றேபோல் இருப்பதில்லை.

இரண்டாவது கருவி, அணுக்கருக்களையும் ஒளிப்பாங்கையும் மரபுத் துகள்களாக எண்ணி நியூட்டன் சமன்பாட்டில் ஓட்டுகிறது. 2020-இல் லீ, சுபோட்னிக், நிட்சான் ஆகியோர் திரவ நீருக்கு இதைச் செய்து, ஆக்சிஜன்–ஹைட்ரஜன் அதிர்வின் பிளவைப் பெற்றனர். இங்கே நினைவில் வைக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. அதை மாணவர்கள் தாமே தாளில் போட்டுப் பார்க்கலாம். இருமுனைத் தன்னாற்றல் உறுப்பை (மூலக்கூறுகளின் மொத்த இருமுனைத் திருப்புத்திறனின் வர்க்கத்தைக் கொண்டது) சேர்த்து எழுதிய மரபு ஹாமில்டோனியனில், ஒளிப்பாங்கின் ஆயத்தொலைவை முழு வர்க்கமாக்கித் தொகையிட்டால், மூலக்கூறுகளின் சமநிலைப் பரவலில் குழிவின் தடயமே மிஞ்சாது. எனவே வினைத்தடையின் உச்சியைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடும் மரபு இடைநிலைக் கோட்பாடு, குழிவுக்குள் வினை வேகம் மாறாது என்றே சொல்கிறது. யாராவது மரபுக் கணக்கில் வினைத்தடையின் உயரம் மாறியதாகச் சொன்னால், முதலில் அந்தத் தன்னாற்றல் உறுப்பு விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதை விட்டால் இழப்பு தோராயத்தோடு நிற்பதில்லை: அந்த உறுப்பின்றி ஹாமில்டோனியனுக்கு அடிநிலையே இல்லாமல் போகும் என்று 2018-இல் ரோக்காஜ் குழுவினர் நிறுவினர்.

## ஐந்தாம் வழி: முதல் தத்துவக் கணக்கீடு

மின்னணுக்களையும் போட்டான்களையும் சம உரிமையோடு நடத்தும் இவ்வழிக்கு இரண்டு கிளைகள் உண்டு. ரகன்தாலர், டோக்காட்லி, ரூபியோ உள்ளிட்டோர் 2014-இல் விரிவாக முன்வைத்த, மின்னணு அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் மின்னியக்க அடர்த்திச் சார்பியக் கோட்பாடு ஒன்று; 2020-இல் ஹாக்லாண்ட், ரோங்கா, கோக் உள்ளிட்டோர் தந்த, மின்னணுக்களின் அலைச்சார்பைக் கொண்டு கணக்கிடும் கப்பிள்டு கிளஸ்டர் வடிவம் மற்றொன்று. முன்னது ஆக்டோபஸ் என்னும் இலவச மென்பொருளில் கிடைக்கிறது. பின்னதன் வழக்கமான வடிவத்தில் கணிப்பொறிச் செலவு, மூலக்கூற்றின் அளவின் ஆறாம் அடுக்கில் வளர்கிறது. மூலக்கூறு இருமடங்கானால் செலவு 64 மடங்கு.

இங்கே கிடைப்பவை மதிப்புள்ளவை. எந்தப் பிணைப்பில் மின்னணு அடர்த்தி நகர்கிறது, மூலக்கூறு புலத்தின் திசைக்கு எப்படித் திரும்பியிருந்தால் விளைவு மிகுதி, இரு மட்டங்களாக வெட்டியதால் எதை இழந்தோம் என்பவற்றை வேறெந்த வழியும் சொல்லாது. பொருத்திப் பார்த்து எடுத்த எண்கள் இல்லாமல் தொடங்கலாம் என்பதும் ஒரு கவர்ச்சி.

அந்தக் கவர்ச்சி முழு உண்மை அன்று. அடர்த்திச் சார்பியத்தில் போட்டான்–மின்னணு பரிமாற்றத் தொடர்புக்கான சார்பியத்தை எவரேனும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மின்னணுக்களுக்கு அரை நூற்றாண்டில் சேர்ந்த அனுபவம் இதற்கு இன்னும் இல்லை. கப்பிள்டு கிளஸ்டரின் தொடக்கப் புள்ளியான ஹார்ட்ரி–ஃபாக் வடிவத்தில், மின்னூட்டமுள்ள மூலக்கூறுகளுக்கு ஆர்பிட்டல்கள் ஆயத்தொடக்கத்தைச் சார்ந்துவிடும் தொல்லை இருந்தது. அதைத் தீர்க்கத் தனி முயற்சி தேவைப்பட்டது. ஆனால் இவற்றையெல்லாம் விட எனக்கு உறுத்துவது இணைவு வலிமைக்கு வைக்கும் எண். இவ்வகைக் கட்டுரைகளில் 0.05 அணு அலகு என்ற மதிப்பு சாதாரணமாகத் தென்படுகிறது. வழக்கமான வரையறையின்படி அதைக் கன அளவாக மாற்றினால் ஏறத்தாழ 0.74 கன நானோமீட்டர் வரும். 2016-இல் கேம்பிரிட்ஜில் சிக்கரட்டி, பாம்பெர்க் உள்ளிட்டோர் தங்க நானோத்துகளுக்கும் தங்கப் பரப்புக்கும் நடுவே மெத்திலீன் ப்ளூ மூலக்கூற்றை அடைத்து, ஒற்றை மூலக்கூற்றில் 90 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ராபி பிளவைப் பெற்ற அந்த மிகச்சிறிய குழிவின் கன அளவே 40 கன நானோமீட்டரை ஒட்டியது. நாம் முதலில் எடுத்த கண்ணாடிக் குழிவோ ஏறத்தாழ 88 லட்சம் கன நானோமீட்டர். கூட்டிணைவின் அளவை ஒற்றை மூலக்கூற்றுக்குக் கொடுத்துவிட்டு, வந்த விளைவைக் கண்ணாடிக் குழிவின் சோதனையோடு ஒப்பிடுவது இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு. அதைச் செய்பவர்கள் பலர் அடிக்குறிப்பில் ஒரு வரியில் ஒப்புக்கொள்கிறார்கள். சுருக்கத்தில் அந்த வரி இடம்பெறுவதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகச் சொல்வது | சொல்லாதது | கணிப்பொறிச் செலவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மரபு ஒளியியல் | நிறமாலை, கோணச் சார்பு, கண்ணாடி இழப்பு | போட்டான் புள்ளியியல், வினைகள் | விநாடிகள் | எந்த நிறமாலையின் பிளவு என்ற குழப்பம் |
| ஜேன்ஸ்–கம்மிங்ஸ், டேவிஸ்–கம்மிங்ஸ் | ஒற்றை உமிழி, ஏணி, இருண்ட நிலைகளின் எண்ணிக்கை | அதிர்வுகள், மீவலு இணைவு | மிகக் குறைவு | சிறு எண்ணிக்கைக்குப் பெரும் பிளவைத் தருவது |
| டிக்கி, ஹாப்ஃபீல்டு | மீவலு இணைவு, அடிநிலை மாற்றம் | மூலக்கூற்றின் வேதியியல் | குறைவு | டையாகாந்த உறுப்பு, கேஜ், இழப்பை எழுதும் விதம் |
| அதிர்வுகளைச் சேர்த்தவை | ஒளிவேதியியல், திரவங்களின் அகச்சிவப்பு நிறமாலை | அணுக்கருவை மரபாக நடத்தினால் குவாண்டம் ஊடுருவல் | நடுத்தரம் முதல் மிக அதிகம் வரை | விடுபட்ட தன்னாற்றல், சமச்சீர் என்ற கற்பனை |
| முதல் தத்துவம் | ஒற்றை மூலக்கூற்றின் மின்னணு மாற்றம் | பல லட்சம் மூலக்கூறுகளின் கூட்டு விளைவு | மிக அதிகம் | சார்பியத் தேர்வு, மிகைப்படுத்திய இணைவு |

## யாருக்கு எது

சாயப் படலத்திலோ பெரோவ்ஸ்கைட்டிலோ பிளவை அளந்து நிறமாலையை விளக்க வேண்டியவருக்கு முதல் வழி போதும். பிளவு அதிர்வெண்ணில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டு, மேல், கீழ் முகடுகள் சமச்சீரின்றி நகர்ந்தால், ஹாப்ஃபீல்டு கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அலையியற்றி வலிமையைச் சரியாக எழுதிய பரிமாற்ற அணியும் அதே சமச்சீரின்மையைத் தருவதைக் கண்டு சிலர் வியப்படைகிறார்கள்; இரண்டும் ஒரே நேரியல் இயற்பியலின் இரு வடிவங்கள் என்பதால் அதில் வியப்புக்கு இடமில்லை.

மீக்கடத்திச் சுற்றிலோ ஒற்றைக் குவாண்டம் புள்ளியிலோ வேலை செய்பவர் இரண்டாம் வழியில் தொடங்கி, விகிதம் 0.1-ஐ நெருங்கும்போது மூன்றாம் வழிக்கு நகரலாம். பிளாஸ்மான் இடைவெளியில் (மேலே கண்ட தங்க நானோ இடைவெளி போன்றது) ஒற்றை மூலக்கூற்றை வைப்பவரின் நிலை வேறு. அங்கே உலோகத்தின் இழப்பு மிக அதிகம். ஒளிப்பாங்கு என்ற சொல்லையே எச்சரிக்கையோடு வரையறுக்க வேண்டும். இழப்புள்ள ஊடகங்களுக்கான பேரளவுக் குவாண்டம் மின்னியக்கவியலிலிருந்து இணைவு எண்ணை எடுத்துக்கொண்டு, பிறகு ஐந்தாம் வழியின் செலவை ஏற்பது அங்கே நியாயமானது. முதல் தத்துவக் கணக்கீட்டுக்கு உண்மையிலேயே பொருத்தமான சோதனை இன்றைக்கு அதுதான்.

கிளர்வு நிலையில் மூலக்கூறு உருமாறுவதையோ பிரிவதையோ ஆராய்பவர் நான்காம் வழியின் முதல் கருவியை எடுக்க வேண்டும். இருண்ட நிலைகளை வெட்டாமல் எடுக்க வேண்டும். இங்கே மூன்று மூலக்கூறுகளுக்குத் துல்லியமான கணக்கும், முப்பது மூலக்கூறுகளுக்குத் தோராயமான கணக்கும் கைக்கெட்டினால், நான் பின்னதையே தேர்வேன்.

வெப்ப வினைகளைக் கையில் எடுப்பவர்களுக்குத்தான் பதில் சொல்வது கடினம். 2016-இல் எபெசன் குழுவில் அனூப் தாமஸ், ஜினோ ஜார்ஜ் உள்ளிட்டோர், சிலிக்கான்–கார்பன் அதிர்வை அகச்சிவப்புக் குழிவோடு இணைத்தபோது ஒரு வினையின் வேகம் 5.5 மடங்கு வரை குறைந்ததாக வெளியிட்டனர். 2021-இல் வேறு வினைகளில் வெளியாகியிருந்த வேக உயர்வை மீண்டும் செய்து பார்த்த இரண்டு அமெரிக்கக் குழுக்களால் அதைப் பெற முடியவில்லை. கோட்பாட்டுப் பக்கத்தில் மரபுக் கணக்கு மாற்றம் இல்லை என்கிறது. ஒற்றை மூலக்கூற்றுக்கு மிகைப்படுத்திய இணைவோடு செய்த கணக்குகள் மாற்றம் உண்டு என்கின்றன. இரண்டையும் இணைக்கும் பாலம் எல்லோரும் ஏற்கும்படி இன்னும் கட்டப்படவில்லை. இந்த நிலையில் ஐந்து வழிகளில் எந்த ஒன்றையும் தனியாக நம்பி முனைவர் பட்டத் தலைப்பை அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியும் இதில் இறங்குபவர் செய்யக்கூடியது இது. முதலில் பரிமாற்ற அணியால் சோதனையின் நிறமாலையை விளக்கி, கூட்டிணைவின் எண்ணையும் ஒரு பாங்குக்குரிய மூலக்கூறு எண்ணிக்கையையும் பெற வேண்டும். அடுத்து முதல் தத்துவக் கணக்கை ஒற்றை மூலக்கூற்றுக்கு மட்டும் செய்து, எந்த அதிர்வு வினைப்பாதையோடு கலக்கிறது என்று அடையாளம் காண வேண்டும்; அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்கக் கூடாது. பிறகு, தன்னாற்றல் உறுப்பைச் சேர்த்த இயக்கவியல் கணக்கில், மொத்தப் பிளவை மாறாமல் வைத்துக்கொண்டு மூலக்கூறுகளை 1, 2, 4, 8, 16 என்று கூட்டி, ஒரு மூலக்கூற்றுக்கான வேக மாற்றம் எப்படிச் சரிகிறது என்பதை வரைபடமாக்க வேண்டும். அந்தக் கோடு எண்ணிக்கையின் தலைகீழாகச் சரிந்து சுழியை நோக்கிப் போனால், கண்ணாடிக் குழிவுக்கு அந்த விளைவு பொருந்தாது என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுத வேண்டும். ஓர் எல்லை மதிப்பில் நின்றால் அது எந்த உறுப்பினால் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும்.